டேப்லெட், கீபோர்டு, டிராக்: மேடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழாவும் கல்யாண வரவேற்பும் வரிசை கட்டும் மாதங்கள் இவை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் இன்னிசைக் குழுக்களும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் டிராக் (மேடையில் ஓடவிடும், முன்பே பதிவான பின்னணி இசை) பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

டேப்லெட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் டிராக் அருமையாக இருக்கிறது. மிக்ஸரில் மாட்டினால் பேஸ், டிரம்ஸ், லீட் எல்லாம் காணாமல் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் எக்கோ மட்டும் கேட்கிறது. டேப்லெட் பழுதா?
— வாசகர், கும்பகோணம்

டேப்லெட்டில் குறை இல்லை, கேபிளில்தான். ஒரு முனையில் 3.5 எம்எம் ஸ்டீரியோ பின், மறுமுனையில் மைக்குக்குப் போடும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் வைத்துச் செய்த கேபிளைப் பயன்படுத்துகிறீர்கள். கடைகளில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது, சவுண்ட் செட்டுக்காரர்களே சால்டர் வைத்தும் செய்கிறார்கள்.

3.5 பின்னின் நுனியில் இடது பக்க ஒலி, நடு வளையத்தில் வலது பக்க ஒலி, அடிப்பகுதியில் கிரவுண்ட். மிக்ஸரின் மைக் இன்புட்டோ தனக்கு வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். மைக் கேபிளில் வழியில் ஏறும் இரைச்சலைக் கழிப்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் கொடுப்பது இடது, வலது. அது இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பேஸ், கிக், ஸ்நேர், லீட் எல்லாம் கழிந்து பூஜ்யமாகிவிடும். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும் ரிவெர்பும் ஓரத்து வயலினும்தான் மிச்சம்.

சரியான கேபிள்: ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு தனித்தனி 6.35 எம்எம் மோனோ பின். அவற்றை மிக்ஸரின் இரண்டு லைன் இன்புட்டில் மாட்டுங்கள். மிக்ஸர் மேடையிலிருந்து தள்ளி, பந்தலுக்கு எதிரே இருந்தால் இந்தக் கேபிளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் சீரியல் லைட்டின் இரைச்சல் ஏறிவிடும். டேப்லெட் பக்கத்திலேயே இரண்டு சேனல் டிஐ பாக்ஸ் (டேப்லெட்டின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து, அங்கிருந்து சாதாரண மைக் கேபிள் இரண்டை ஓட்டினால் முப்பது நாற்பது மீட்டர் வரை கவலை இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். சேனல் மிச்சம் பிடிக்க இடது வலது கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஒரே பின்னில் சால்டர் வைக்காதீர்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று இழுத்து ஒலி சிதறும். அப்படித்தான் செய்தாக வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்பியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, அதன் பிறகு சேருங்கள். அடுத்து, எக்ஸ்எல்ஆர் வழியாக டேப்லெட்டை மாட்டும்போது மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் (கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் கரண்ட்) போட்டிருந்தால் அது டேப்லெட்டின் அவுட்புட்டையே கெடுக்கக்கூடும். கண்டென்சர் மைக்குக்காகப் போட்ட ஸ்விட்ச் எல்லாச் சேனலுக்கும் பொதுவாக இருக்கும் மிக்ஸர்கள் நிறைய. மாட்டும் முன் பாருங்கள்.

சார்ஜர் மாட்டினால் ‘ங்’ என்ற இரைச்சல், கழற்றினால் நின்றுவிடுகிறது. மிக்ஸரின் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சரியாகும் என்கிறார் எங்கள் ஆபரேட்டர்.
— வாசகர், மன்னார்குடி

ஒடிக்கவே கூடாது. மழை பெய்து ஈரமான களத்துமேட்டில், ஜெனரேட்டரை நம்பிப் போட்ட மேடையில், எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு வந்தால் அது போய்ச் சேரும் இடம் பாடுபவரின் உதடு. ஒரு கையில் கீபோர்டின் இரும்பு ஸ்டாண்டும் மறு கையில் மைக்கும் பிடித்திருப்பவருக்கு இதயத்தின் வழியாகவே பாயும். இரைச்சல் குறைய உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது. மேடைக்கு வரும் மெயின் ஒயரில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம். அது ஆடியோ கேபிளின் கிரவுண்ட் வழியாக மிக்ஸருக்குப் போகிறது. முதல் வழி, டேப்லெட்டை நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு, கச்சேரி முழுக்கச் சார்ஜர் இல்லாமல் ஓட்டுவது. திரை வெளிச்சம் பாதியாக இருந்தால் நல்ல பேட்டரி நான்கு மணி நேரக் கச்சேரியைத் தாங்கும். அது முடியாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வைத்து, அதன் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ ஸ்விட்சைத் தள்ளுங்கள். அது ஆடியோ கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கிறது, கரண்ட் எர்த்தைத் தொடுவதில்லை. ஆகவே பயமில்லை. பவர் பேங்க்கிலிருந்து சார்ஜ் ஏற்றினாலும் இந்த இரைச்சல் வராது.

ஹெட்போன் ஓட்டையே இல்லாத டேப்லெட்டில் டைப்-சி கன்வெர்ட்டர் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வகை கிடைக்கிறது. உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றுவது) இருப்பது ஒரு வகை, வெறும் கம்பி மட்டும் இருப்பது இன்னொரு வகை. பல டேப்லெட்டில் இரண்டாவது வகை வேலையே செய்யாது. டிஏசி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள்.

ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கும் தம்பிக்கு மட்டும் கிளிக் (வேகம் பிடிக்க ஒலிக்கும் ‘டிக் டிக்’) கேட்க வேண்டும், ஜனங்களுக்குக் கேட்கக் கூடாது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். பெரிய ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வசதியில்லை.
— வாசகர், திருவாரூர்

இன்டர்ஃபேஸ் இல்லாமலே முடியும். ஸ்டீரியோவைத் தியாகம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இடது பக்கத்தில் டிராக், வலது பக்கத்தில் கிளிக் என்று ஒரே கோப்பாகச் செய்துவிடலாம். தெருவிலும் பந்தலிலும் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் இரண்டு பக்கமும் சிதறி இருப்பதால் அங்கே ஸ்டீரியோவால் யாருக்கும் லாபமில்லை. ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி வாத்தியம்தான் கேட்கும். மோனோவே நல்லது.

கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். டிராக்கை உள்ளே இழுத்து மோனோவாக மாற்றி, பேன் குமிழை முழு இடதுக்குத் தள்ளுங்கள். ‘ஜெனரேட்’ மெனுவில் ‘ரிதம் டிராக்’ போய் பாட்டின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) கொடுத்தால் கிளிக் உருவாகும். அதை முழு வலதுக்குத் தள்ளுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் இரண்டு தாளவட்டம் கிளிக் மட்டும் வர வேண்டும். அந்த இடைவெளியைக் கணக்குப் போட, 60-ஐ பிபிஎம்மால் வகுத்து அடிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நாலு நாலாக எட்டு அடி, வேகம் 96 என்றால் சரியாக 5 விநாடி. டிராக்கை அந்த 5 விநாடி தள்ளி வைத்து, முதல் அடி கிளிக்கோடு ஒட்டுகிறதா என்று திரையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஆக எக்ஸ்போர்ட். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அறுபது பாட்டு வைத்தாலும் மூன்று ஜிபிக்குள் அடங்கும், ஆகவே எம்பி3 ஆகச் சுருக்கத் தேவையில்லை.

ஆறெட்டில் வரும் பாட்டுக்குக் கிளிக் எப்படி வேண்டும் என்று வாசிப்பவரைக் கேளுங்கள். வேகமான பாட்டென்றால் வட்டத்துக்கு இரண்டே அடி போதும், ஆறும் காதில் குத்தினால் கை இறுகிவிடும். மெதுவான பாட்டில் இரண்டு அடிக்கு நடுவே வழி தவறும், அங்கே ஆறும் வேண்டும்.

பழைய பாடல்களில் ஒரு சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் கிளிக் இல்லாமல், எல்லா வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் கொஞ்சம் கூட, என்று போகும். அதன் மேல் ஒரே வேகக் கிளிக்கை வைத்தால் இரண்டாம் சரணத்துக்குள் அரை அடி விலகிவிடும். அந்த மாதிரிப் பாட்டுக்குப் பாட்டை ஓட விட்டு விசையைத் தட்டி, கையாலேயே கிளிக் பதிவு செய்யுங்கள்.

மேடையில் மாட்டும் விதம்: இடது பின் மிக்ஸரின் ஒரு சேனலுக்கு, அதன் பேன் நடுவில். வலது பின்னை மிக்ஸருக்கே கொண்டுபோகாமல், சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்றின் வழியாக நேராகத் தம்பியின் காதுக்கு. மிக்ஸர் வழியாகப் போனால் யாராவது தெரியாமல் ஒரு ஃபேடரைத் தூக்க, கிளிக் ஊருக்கே கேட்கும். டிராக்கும் அவர் காதில் வேண்டுமென்றால் மிக்ஸரின் ஆக்ஸ் என்ற தனி அவுட்புட்டிலிருந்து ஒரு கம்பியை அதே ஹெட்போன் ஆம்ப்புக்குக் கொடுங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்: டேப்லெட்டின் ‘ஆக்சசிபிலிட்டி’ அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று உண்டு. அது ஆன் ஆகியிருந்தால் இடது வலது இரண்டும் கலந்து, கிளிக் முழு சத்தத்தில் மெயின் பாக்ஸில் வரும். டால்பி, ஈக்வலைசர் போன்ற அலங்காரங்களையும் அணைத்து வையுங்கள்.

புளூடூத் இயர்போனில் கிளிக் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கம்பியில் வரும் டிராக்கை விட புளூடூத்தில் வரும் ஒலி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வரை பின்தங்கும். தம்பி சரியாக அடிப்பார், கேட்பவருக்குத் தப்பாக இருக்கும்.

டேப்லெட் வாங்குவதா, பென் டிரைவ் போடும் கீபோர்டிலேயே டிராக் ஓட்டுவதா?
— வாசகர், பட்டுக்கோட்டை

என்ன ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிடி கோப்பாக (பதிவான ஒலி இல்லாமல், எந்த ஸ்வரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்பு மட்டும்) இருந்தால் கீபோர்டுதான். சுருதியை மாற்றினாலும் வேகத்தை மாற்றினாலும் ஒலி கெடாது. புல்லாங்குழல் வாசிக்க ஆள் வந்திருந்தால் அந்தச் சேனலை மட்டும் மியூட் செய்யலாம். அரேஞ்சர் கீபோர்டின் ஸ்டைலோ (நீங்கள் பிடிக்கும் கார்டுக்கு ஏற்பத் தானாக ஓடும் தாளமும் பின்னணியும்) இன்னும் வசதி: பாடுபவர் பல்லவியை இன்னொரு முறை எடுத்தால் நீங்களும் கூடவே போகலாம், அண்ணன் மேடையேறிச் சால்வை போட வந்தால் அதே கார்டில் நின்று சுற்றலாம். டேப்லெட்டில் ஓடும் ஆடியோ டிராக் யாருக்காகவும் நிற்காது. டிராக் தேவைப்படும் பாட்டுக்கு மட்டும் டிராக், மற்றதற்குக் கை என்று பிரித்துக்கொள்ளும் குழுவின் கச்சேரிதான் காதுக்கு உயிரோடு இருக்கிறது.

முழுதும் வாசித்துப் பதிவான ஆடியோ டிராக், பாடல் வரிகள், நோட்ஸ் எல்லாம் ஒரே திரையில் வேண்டுமென்றால் டேப்லெட். ஐபேடில் ஸ்டேஜ் டிராக்ஸ், ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும் பேண்ட்ஹெல்பர், வரிகளுக்கும் நோட்ஸுக்கும் மொபைல்ஷீட்ஸ் போன்ற செயலிகள் இதற்கென்றே உள்ளவை. சாதாரண மியூசிக் பிளேயரில் ஓட்டினால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும். அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டின் டிரம் ரோல் வெடிப்பது இதனால்தான்.

பென் டிரைவ் வைப்பவர்கள் 32 ஜிபிக்கு மிகாமல் வாங்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் பல கீபோர்டுகள் படிக்காது. கோப்பின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தால் சில கீபோர்டுகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று எண் போட்டு, பின்னால் சுருதியும் வேகமும் சேர்த்து வையுங்கள்.

எங்கள் பாடகி டிராக்கின் சுருதியை விட ஒரு கட்டை இறக்கிக் கேட்கிறார். இறக்கினால் டிரம்ஸ் தகர டப்பா போல ஆகிறது.
— வாசகர், மயிலாடுதுறை

முதலில் அவர் சொல்லும் கட்டைக்கும் உங்கள் கீபோர்டுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். 1 கட்டை என்றால் சி. 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அரைக்கட்டை கிடையாது. அதனால் ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கினால் இரண்டு செமிடோன் (கீபோர்டில் ஒரு கீயிலிருந்து ஒட்டிய அடுத்த கீ ஒரு செமிடோன்), நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் ஒன்றுதான். சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை தட்டிவிட்டு ‘ஏன் ஒட்டவில்லை’ என்று மேடையில் தடுமாறுவது இங்கேதான்.

ஆடியோ டிராக்கை இரண்டு செமிடோன் வரை ஏற்றி இறக்கலாம், அதற்கு மேல் ஸ்நேரும் தபேலாவும் குரலும் இயல்பு மாறிவிடும். மேடையில் செயலியிலேயே மாற்றுவதை விட, வீட்டில் கம்ப்யூட்டரில் நல்ல தரத்தில் மாற்றித் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். தாள வாத்தியம் தனியாகவும் மற்றவை தனியாகவும் பிரித்த டிராக் கிடைத்தால் தாளத்தைத் தொடாமல் மற்றதை மட்டும் மாற்றலாம். நாலு செமிடோன் வரைகூட காதை உறுத்தாது. வேகம் மாற்றுவதிலும் ஐந்து சதவீதத்துக்குள் நில்லுங்கள்.

டிராக் வேகமாகவும் சுருதி ஏறியும் ஓடியது. யாரும் எதையும் தொடவில்லை.
— வாசகர், நாகப்பட்டினம்

44.1 கிலோஹெர்ட்ஸில் செய்த கோப்பு 48-இல் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும், ஒன்பது சதவீதம் வேகம் கூடும். இன்டர்ஃபேஸையோ டிஜிட்டல் மிக்ஸரையோ யுஎஸ்பியில் இணைக்கும்போது வரும் கோளாறு இது. எல்லாக் கோப்பும் ஒரே எண்ணில் இருக்கட்டும், மிக்ஸரையும் அதே எண்ணில் வையுங்கள்.

வரவேற்பு மேடையில் நாதஸ்வரத்தோடு கீபோர்டும் டிராக்கும் சேர்த்து சினிமாப் பாட்டு வாசிக்கக் கேட்கிறார்கள். சேரவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், திருவிடைமருதூர்

நாதஸ்வரத்தை டிராக்குக்கு இழுக்க முடியாது, டிராக்கைத்தான் நாதஸ்வரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து துளை போடும்போதே அதன் சுருதி முடிவாகிவிடுகிறது (அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்). சீவாளியாலும் உதட்டாலும் கொஞ்சம் நகர்த்தலாமே தவிர, அரைக்கட்டை மாற்ற வேறு வாத்தியம்தான் எடுக்க வேண்டும். தவிர, ஊத ஊத உள்ளே காற்று சூடேறிச் சுருதி மெல்ல ஏறும்.

ஆகவே பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லி வாத்தியம் பதமான பிறகு, ஸட்ஜத்தை நீளமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபோனில் ஒரு டியூனர் செயலியை அணைசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) அருகே வைத்து எத்தனை சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு) ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 12 சென்ட் என்றால் கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை 440-இலிருந்து 443 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சேர்ந்துவிடும். டிராக்கையும் செயலியில் அதே 12 சென்ட் ஏற்றுங்கள். நல்ல செயலிகளில் செமிடோனுக்குக் கீழே சென்ட் கணக்கிலும் மாற்ற வழி இருக்கும். இதைச் செய்யாமல் மெயின் சத்தத்தைக் கூட்டினால் சண்டை பெரிதாகுமே தவிர தீராது.

தவிலும் உண்டென்றால் தாளம் உள்ள டிராக்கே வேண்டாம். தவில்காரர் தன் கணக்கில் வாசித்துத் தீர்மானம் வைப்பதுதான் அந்த இசையின் பெருமை. அவரைக் கிளிக்கில் கட்டிப்போட்டால் தாளத்திலும் சேராது, அவருடைய கலையும் வெளியே வராது. கீபோர்டில் நீண்ட கார்டும் பேஸும் மட்டும் பிடித்து, அவர்கள் பின்னால் போங்கள்.

திரையில் பூச்சி மொய்க்கிறது. தட்டிவிட்டால் பாட்டு மாறிவிடுகிறது.
— வாசகர், வேதாரண்யம்

வயலுக்கு நடுவே போடும் மேடையில், மழை விட்ட இரவில், ஈசலும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்திருந்தால் மேடையிலேயே பிரகாசமான வெள்ளைப் பலகை உங்கள் டேப்லெட்தான். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, வெளிச்சம் நாற்பது சதவீதம் என்று மாற்றுங்கள். பாட்டை மாற்றப் புளூடூத் ஃபுட் சுவிட்ச் வைத்துக்கொண்டு, திரையின் தொடுதலை முடக்கிவிடுங்கள். ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’ தொடுதலையே நிறுத்தும். ஆண்ட்ராய்டில் ‘ஸ்கிரீன் பின்னிங்’ வேறு செயலிக்குப் போகாமல் மட்டும்தான் தடுக்கும், பாட்டு மாறாமல் இருக்க செயலிக்குள்ளேயே உள்ள பூட்டையும் போட வேண்டும். பூச்சியின் கால் பட்டுப் பாட்டு மாறுவது அபூர்வம். அதை விரட்டும் கையும் அதிலுள்ள வியர்வையும்தான் மாற்றுகின்றன.

வெயிலில் இன்னொரு தொல்லை. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான். சித்திரை மதியத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே சவுண்ட் செக் செய்யும்போது அது எளிதாகத் தாண்டும். சூடானால் திரை மங்கும், பிறகு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். தோல் உறையைக் கழற்றி, நிழலில், பின்பக்கம் காற்று படும்படி ஸ்டாண்டில் வையுங்கள். சூட்டில் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரவைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

உங்கள் ஊரில் கடல் காற்று வேறு. பின்னைத் திருகும்போது கரகரவென்று வந்தால் உப்பு பிடித்திருக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பின்னைத் துடைத்து, காய்ந்த பிறகு நாலைந்து முறை செருகி எடுங்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் கீபோர்டு அணைந்து, திரும்ப வந்தபோது பாட்டு வேறு சுருதியில் இருந்தது.
— வாசகர், தஞ்சாவூர்

கீபோர்டு திரும்ப எழும்போது நீங்கள் போட்ட டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் டிரான்ஸ்போஸ், ஸ்டைல், டோன் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரேஷனில் சேமித்து வையுங்கள். எழுந்ததும் ஒரு பொத்தானில் எல்லாம் திரும்ப வரும்.

கீபோர்டு அடாப்டருக்கும் மிக்ஸருக்கும் மட்டும் ஒரு 600 விஏ யுபிஎஸ் போதும், ஜெனரேட்டர் மாறும் சில நிமிடங்களைத் தாங்கும். ஆம்ப்பை அதில் மாட்டாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது யுபிஎஸ் ‘கீ கீ’ என்று அடிக்கடி பேட்டரிக்குத் தாவினால் ஜெனரேட்டரின் வேகம் சீராக இல்லை என்று பொருள், ஆபரேட்டரிடம் சொல்லிச் சரி செய்யுங்கள். அடாப்டர் மாற்றும்போது வோல்ட்டைப் பாருங்கள்: ஒரே மேடையில் 12 வோல்ட் கேட்கும் கீபோர்டும் 16 வோல்ட் கேட்கும் கீபோர்டும் இருக்கும், பின் இரண்டிலும் நுழைந்துவிடும்.

டேப்லெட்டே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பழைய ஃபோன் ஒன்றில் அதே கோப்புகளை அதே வரிசையில் வைத்து, மிக்ஸரின் இன்னொரு சேனலில் மாட்டி, மியூட்டில் வையுங்கள். இரண்டும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். ஃபுட் சுவிட்சுக்காகப் புளூடூத்தை மட்டும் பிறகு ஆன் செய்துகொள்ளலாம். ஆட்டோ லாக்கை அணையுங்கள், ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். எந்தப் பாட்டும் இன்டர்நெட்டிலிருந்து ஓடக் கூடாது. திருவிழாக் கூட்டத்தில் டவர் கிடைக்காது.

ஒரு பாட்டு அலறுகிறது, அடுத்தது முனகுகிறது.
— வாசகர், ஒரத்தநாடு

ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ எல்லாக் கோப்புக்கும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி சத்தத்தின் அளவு) வையுங்கள். டேப்லெட்டின் சத்தத்தை முழுதுக்கு அருகே வைத்து, மிக்ஸரில் கெயினைக் குறையுங்கள். டிராக்கின் சேனலில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் வெட்டினால் பாடுபவரின் சொல் தெளிவாகக் கேட்கும்.

தெருக்கோடி வரை பாக்ஸ் கட்டியிருந்தார்கள். மேடையில் எங்களுக்கே தாளம் இரண்டாகக் கேட்டது.
— வாசகர், திருத்துறைப்பூண்டி

ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பாக்ஸின் சத்தம் உங்களிடம் வர கால் விநாடிக்கு மேல் ஆகிறது. வேகம் 100 உள்ள பாட்டில் அது கிட்டத்தட்ட அரை அடி. அந்தப் பாக்ஸ்கள் மேடைக்கு முதுகு காட்டி நிற்கட்டும். மேடைக்கு மானிட்டர் தனியாக வேண்டும், பாடுபவர் அதைத் தவிர வேறெதையும் நம்பித் தாளம் போடக் கூடாது.

டிராக் இருக்கும்போது தபேலாக்காரரும் கிட்டார்காரரும் எதற்கு என்று கேட்கிறார் விழாக் குழுத் தலைவர். சம்பளம் மிச்சமாம்.
— வாசகர், பாபநாசம்

மறுத்துச் சொல்லுங்கள். பாடுபவர் ஒரு வரியை விட்டுவிட்டால் டிராக் போய்க்கொண்டே இருக்கும். தபேலாக்காரர் அந்த ஒரு கணத்தில் முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். கரண்ட் போனால் டிராக் ஊமை, தபேலா ஊமை இல்லை. முப்பது வருடம் விரல் தேய்ந்து கற்றவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நாம் ஓட்டுவது அவரைப் போன்றவர்கள் வாசித்துப் பதிவு செய்ததைத்தான். தந்திகளின் கூட்டம், பிராஸ், கோரஸ் என்று மேடைக்குக் கொண்டுவர முடியாததை டிராக்கில் வையுங்கள். தபேலா, கிட்டார், புல்லாங்குழல் இருக்கும் பாகங்களை டிராக்கிலிருந்து எடுத்துவிட்டு ஆட்களுக்கு விடுங்கள். பட்ஜெட் குறைவென்றால் பாட்டின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று தலைவரிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

டிராக் போட்டுப் பாட உரிமம் வேண்டுமா? எத்தனை மணி வரை?
— வாசகர், வேளாங்கண்ணி

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), உண்மையான மதச் சடங்குகளுக்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஹோட்டல் புத்தாண்டு விருந்து, டிக்கெட் போட்ட கச்சேரி ஆகியவை அதில் வராது, உரிமம் வேண்டும். பாட்டின் உரிமை வேறு, பதிவான ஒலியின் உரிமை வேறு என்பதால் அடுத்தவர் செய்த டிராக்கை ஓட்டினால் இரண்டையும் பார்க்க வேண்டும். திருவிழா மேடைக் கச்சேரி சடங்கில் சேருமா என்பது வாதத்துக்குரியது. உரிமப் பொறுப்பு விழாக் குழுவுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். உங்கள் விழா நாள் அதில் இருக்கிறதா என்பதைக் காவல் நிலையம் தந்த அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். இல்லையென்றால் செட் லிஸ்ட்டை 9.50-க்கு முடியும்படி கூட்டிப் போடுங்கள். செயலிகளில் மொத்த நேரம் காட்டும். அதோடு பாட்டுக்கு ஒரு நிமிடம் வீதம் அறிவிப்புக்கும் சால்வைக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.